பெரிய தாத்தாவும் பன்னீர் திராட்சையும்!

‘அடுத்த வாரம் வீட்டு பட்ஜெட் போடும் ஆப்கள் பற்றிப் பார்க்கலாம்’ என்று போன வாரம் இதே பகுதியில் எழுதியிருந்தேன். ஸாரி மக்களே, அது இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாடகை வேன், டிரைவர் அண்ணனோடு சேர்த்து 9 பேர், 12 கிலோ திராட்சை. இந்த வாரம் இதைத்தான் எழுத முடியும்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது ஒரு ரீல்ஸ். பெங்களூரிலிருந்து தசரா லீவுக்கு மதுரை வந்திருந்த அக்கா பிள்ளைகளில் பெரியவள் (வயது 9) என் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே ஒரு குட்டிப் பாப்பா அண்ணாந்து வாயைத் திறக்க, அப்பா ஒரு கொத்தைப் பிடித்து இறக்க, பின்னணியில் ஏதோ பாட்டு. 30 செகண்டுதான்.

“சித்தி, நாமளும் போய்ப் பறிக்கணும்.”

“கடையில வாங்கலாம்டி.”

“கடையில பறிக்க முடியாதே!”

நியாயமான பாயின்ட். சின்னவனுக்கு வயது 5. அக்கா என்ன சொல்கிறாளோ அதையே அவனும் சொல்வான், கொஞ்சம் சத்தமாக. சாயங்காலத்துக்குள் அப்பா வேன் பேசிவிட்டார், அம்மா புளிசாதத்துக்குப் புளி ஊறப்போட்டுவிட்டார். எல்லோரும் தயார். ஒருவரைத் தவிர.

அவர் தாத்தா. அம்மாவின் அப்பா. அக்கா பிள்ளைகளுக்குப் ‘பெரிய தாத்தா’. வயது 81. அம்மாச்சி இறந்த பிறகு எங்களோடு மதுரையில்தான் இருக்கிறார். சொந்த ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில். அதாவது நாங்கள் டூர் போகக் கிளம்புகிற அதே கம்பம் பள்ளத்தாக்கு! ஒரு காலத்தில் தாத்தாவுக்கு அங்கே 2 ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருந்தது என்று தெரியும். அதைப் பற்றி எப்போது கேட்டாலும் அவர் சொல்வது ஒரே வரிதான்: “வெச்சோம், சரிப்பட்டு வரல.”

“நான் எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க. பாக்காத தோட்டமா?” என்றார். சின்னவன் போய் அவர் மடியில் உட்கார்ந்து, “நீங்க வரலைன்னா நானும் வரல” என்று ஒரு போடு போட்டான். அவ்வளவுதான், காலை 6 மணிக்கு வேனின் முன்சீட்டில் துண்டு, கைத்தடி சகிதம் தாத்தா ரெடி.

முந்திரியா, திராட்சையா?

உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் வேன் ஏறி இறங்கியதும் காற்றே மாறிவிடுகிறது. தேனி, வீரபாண்டி, சின்னமனூர் என்று போகப் போக ஒரு பக்கம் வயலும் வாழையும் தென்னையும், இன்னொரு பக்கம் மேற்குத்தொடர்ச்சி மலை. முல்லைப் பெரியாறு தண்ணீர் பாய்கிற பூமி. 1895-ல் அணையைக் கட்டி முடித்த பென்னிகுக்கின் படம் இந்தப் பக்கம் டீக்கடையிலும் இருக்கும், வீட்டுக்குள் சாமி படங்களோடும் இருக்கும். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமே இருக்கிறது.

கம்பத்தைத் தாண்டி சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் போனால் ரோட்டோரம் வரிசையாகத் தோட்டங்கள். குமுளி, தேக்கடிக்கு வருகிற கேரளக் குடும்பங்கள் அப்படியே கீழே இறங்கி இங்கேயும் வந்துவிடுகிறார்கள். அதனால் போர்டுகளில் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கிறது. நாங்கள் முதலில் இறங்கிய தோட்டத்தில், பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் ‘முந்திரி, முந்திரி’ என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தது. சின்னவனுக்குக் குழப்பம். “சித்தி, முந்திரி எங்க? பாயசத்துல போடுற முந்திரியா?” மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ‘அப்போ பாயசத்துல போடுறதுக்கு அவங்க என்ன சொல்வாங்க?’ என்று அடுத்த கேள்வி. டிரைவர் அண்ணன்தான் காப்பாற்றினார்.

அந்தத் தோட்டம் பெரியது. கார் நிறுத்த இடம், ஜூஸ் கடை, உலர்திராட்சை பாக்கெட், ஜாம் பாட்டில், போட்டோ எடுக்க ஒரு ஊஞ்சல். எல்லாம் இருந்தது. கூடவே ஒரு போர்டும் இருந்தது: ‘பழங்களைத் தொடாதீர்கள்.’ கயிறு கட்டிய பாதையில் நடந்து போய், தொங்குகிற கொத்துகளைப் பார்த்து, போட்டோ எடுத்து, வெளியே வந்து கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் சொல்வதும் சரிதான். லீவு நாளில் வருகிற கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பழம் கிள்ளினாலே தோட்டத்தில் காம்புதான் மிஞ்சும்.

ஆனால், பெரியவளின் முகம் தொங்கிப்போனது. “இதுக்கு ரீல்ஸே பார்த்திருக்கலாம்” என்றாள். தாத்தா வேனை விட்டே இறங்கவில்லை. கேட்டதற்கு “முட்டி வலி” என்றார்.

இன்னொரு தோட்டம்

டிரைவர் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் உள்ளே தள்ளி இருக்கிறார் என்று ஒரு மண்பாதையில் வேனை விட்டார். போர்டு இல்லை, ஊஞ்சல் இல்லை. ஒரு மோட்டார் ரூம், அதன் நிழலில் அடுக்கிய பிளாஸ்டிக் கிரேட்கள், ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். தோட்டக்கார அண்ணனும் அவர் மனைவியும் மட்டும் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அந்த அக்கா முதலில் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், பிறகுதான் ‘எந்த ஊரு’ என்று கேட்டார்.

“நாங்க டூரிஸ்ட்டெல்லாம் விடுறதில்லம்மா. பிள்ளைக ஆசைப்படுது, சரி. ஆனா கையால இழுக்கக்கூடாது. கத்தரி தர்றேன், நான் காட்டுற கொத்தை மட்டும் வெட்டணும். சம்மதமா?” என்றார் அண்ணன். பெரியவள் ஸ்கூல் அசெம்பிளியில் உறுதிமொழி எடுப்பதுபோல் கையை நீட்டிச் சம்மதம் சொன்னாள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிந்தது குளுமை. வெளியே வெயில் சுள்ளென்று அடிக்க, பந்தலுக்குக் கீழே வேறு ஊர் மாதிரி இருக்கிறது. கல் கால் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். இலைகள் கூரையாகிவிட, கொத்துகள் எல்லாம் கீழ்நோக்கித் தொங்குகின்றன. அத்தான் நல்ல உயரம். பத்தடிக்கு ஒருமுறை கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். ஐந்தடி இரண்டு அங்குலத்தில் பிறந்ததற்காக நான் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அதுதான்.

எல்லாம் பன்னீர் திராட்சை. நம்ம ஊரில் தள்ளுவண்டியில் கறுப்பாக, உருண்டையாக, விதையோடு வருமே, அதுதான். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் ரகப் பெயர். 2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதில் எனக்கு அன்றுவரை தெரியாத ஒரு விஷயம் உண்டு. மற்ற இடங்களில் திராட்சைக்கு சீசன் உண்டு. இங்கே வருஷம் முழுக்கப் பழம். கொடி தானாக அப்படிக் காய்ப்பதில்லை. ஆளாளுக்கு வேறு வேறு மாதத்தில் கவாத்து செய்கிறார்கள்.

“கவாத்துன்னா?” என்றாள் பெரியவள்.

“முடி வெட்டுற மாதிரி. பழைய குச்சியை எல்லாம் வெட்டிவிட்ரணும். வெட்டினாத்தான் புதுசா தளிர் வரும், பூ வரும். வெட்டுனதுல இருந்து நாலு மாசத்துல பழம்” என்றார் அண்ணன். இவர் ஜூன் மாதம் வெட்டியிருக்கிறார். அதனால் அக்டோபரில் அறுவடை. பக்கத்துத் தோட்டத்தில் இப்போதுதான் தளிர்.

கொத்துகளின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. நான் உடனே அக்கா பக்கம் திரும்பி, “பாரு, எவ்ளோ மருந்து!” என்றேன். ஜர்னலிஸ்ட் மூளை! அண்ணன் சிரித்துவிட்டு ஒரு பழத்தைக் கட்டைவிரலால் துடைத்துக் காட்டினார். அது பழத்தின் சொந்த மெழுகாம். ஈரம் ஆவியாகிப் போகாமல் தோல் தானே போட்டுக்கொள்கிற பூச்சு. கை படாத பழம் என்பதற்கு அதுதான் அடையாளம். “மருந்து அடிக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன்மா. இந்தப் பயிருக்கு மருந்து இல்லாம முடியாது. சாம்பல் நோய் ஒரு வாரத்துல தோட்டத்தையே தின்னுரும். ஆனா வெட்டு நெருங்கிட்டா நிறுத்திருவோம். நீங்க எங்க வாங்குனாலும் நல்லா கழுவித்தான் சாப்பிடணும்.” ரீல்ஸில் அந்தப் பாப்பா வாயைத் திறந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காட்சியை நாங்கள் எடுக்கவில்லை.

பெரியவள் கத்தரியால் முதல் கொத்தை வெட்டினாள். இடது கையால் கொத்தை ஏந்திக்கொண்டு, வலது கையால் காம்பில் ‘டக்’. சத்தம் கேட்டதும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் போட்டோ எடுக்க மறந்துவிட்டேன். நான் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவள் என்பதை எங்கள் எடிட்டர் படிக்காமல் இருக்கக் கடவது.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. ‘எனக்கு, எனக்கு’ என்று குதித்துக்கொண்டிருந்த சின்னவன், தாழ்வாகத் தொங்கிய ஒரு கொத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். சடக்கென்று கொத்து, அதோடு ஒரு முழம் குச்சி, அந்தக் குச்சியிலிருந்த இன்னொரு கொத்து. எல்லாம் கீழே. பந்தல் குலுங்கிய வேகத்தில் சுற்றிலும் பழுத்த பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

யாரும் பேசவில்லை. அக்கா கையை ஓங்கிக்கொண்டு போனாள். அண்ணன், “விடுங்கம்மா, பச்சப்புள்ள” என்றார். ஆனால் அவர் கண் அந்தக் குச்சியில்தான் இருந்தது.

“புள்ளைய ஏன் அடிக்கப்போற? அவனுக்கு யாரு சொல்லிக்குடுத்தா? ஆளுக்கு ஒரு போனைத் தூக்கிக்கிட்டு நின்னா?”

திரும்பிப் பார்த்தால் தாத்தா. எப்போது வேனிலிருந்து இறங்கினார் என்று யாருக்கும் தெரியாது. கைத்தடியை ஒரு கல் காலில் சாய்த்துவைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனியாமல் நேராக நடந்து வந்தார். பந்தலுக்கென்றே அளந்த மாதிரி உயரம்.

கீழே கிடந்த குச்சியை எடுத்து, முறிந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணனிடம் கத்தரியை வாங்கி, மேலே பிசிறாக நின்ற மிச்சத்தைச் சுத்தமாக வெட்டிவிட்டார். கை நடுங்கவில்லை. தினமும் காபி டம்ளரைப் பிடிக்கும்போது நடுங்குகிற அதே கை.

பிறகு சின்னவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். “இங்க பாரு. கொத்துல மேல இருக்கிற பழம் முதல்ல பழுக்கும். நுனியில இருக்கிறது கடைசிலதான் பழுக்கும். அதனால நுனிப் பழத்தைத் தின்னு பாக்கணும். நுனி இனிச்சா கொத்து முழுக்க இனிக்கும்.” சொல்லிவிட்டு, ஒரு கொத்தின் நுனியிலிருந்து ஒரே ஒரு பழத்தைக் கிள்ளி வேட்டியில் துடைத்து வாயில் போட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு விவரம் தெரிந்து தாத்தா திராட்சை சாப்பிட்டதில்லை. வீட்டில் வாங்கினால், கழுவும்போதே எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். அவருக்கு சுகர் இருப்பதால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் மாம்பழம் மட்டும் எப்படி உள்ளே போகிறது என்று ஒருத்தரும் யோசித்ததில்லை.

“இன்னும் நாலு நாள் நிக்கணும் தம்பி” என்றார் அண்ணனிடம்.

“ஆமாங்கய்யா. வியாபாரி வெள்ளிக்கிழமை வர்றேன்னிருக்காரு.”

“அட்வான்ஸ் குடுத்துருக்கானா?”

“கொஞ்சம் குடுத்துருக்காரு.”

தாத்தா மேலே பார்த்தார். இலைகளின் இடைவெளியில், மலைப்பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது. “மழை வராம இருக்கணும்” என்றார்.

அம்மா சொன்ன பொய்

கதை வந்தது மோட்டார் ரூம் திண்ணையில், புளிசாதம் சாப்பிடும்போது. யாரும் கேட்கவில்லை. அண்ணனிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் நல்ல காய்ப்பாம். வியாபாரி வந்து தோட்டத்தைப் பார்த்து, விலை பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்வார்த்தைதான். வெட்டுக்கு 5 நாள் இருக்கும்போது மழை பிடித்தது. பழுக்கிற நேரத்தில் விடாமல் மழை பெய்தால் பழம் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பிவிடும், தோல் தாங்காமல் வெடிக்கும். வெடித்த இடத்தில் பூஞ்சை. ஒரு பழம் வெடித்தால் சாறு வழிந்து கொத்தே அழுகும். இதெல்லாம் தெரிந்துதான் தாத்தா மழைக்கு முன்னாடியே வெட்டச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். ‘நாளைக்கு ஆள் வருது’ என்று பதில் வந்தது. அடுத்த நாளும் அதே பதில். 8 நாள் அப்படியே போயிருக்கிறது. ஒன்பதாவது நாள் வியாபாரியே வந்து, வரப்பில் நின்று பார்த்துவிட்டு, அட்வான்ஸைக்கூடத் திருப்பிக் கேட்காமல் போய்விட்டாராம்.

“அதைக் கேட்டிருந்தாக்கூடத் தேவல. சண்டை போட்டிருப்பேன்” என்றார் தாத்தா.

அவராகவே ஆள் வைத்து எல்லாவற்றையும் வெட்டி, குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். வெட்டுக்கூலி தனி, குழிக்கூலி தனி. ஒரு மாதத்துக்குத் தோட்டம் முழுக்கப் புளித்த வாடை, குளவியும் ஈயும். பக்கத்துத் தோட்டக்காரர்கள், சாராயம் காய்ச்சுகிறீர்களா என்று கேலி பேசினார்களாம். “அந்த வாடை மூக்குல ஏறி உக்காந்துருச்சு. அப்புறம் பழமே ஆகல.” மறு வருஷமே பந்தலைப் பிரித்துவிட்டார். கல் காலை ஒருவர், கம்பியை ஒருவர் வாங்கிப்போனார்கள். கொஞ்ச காலத்தில் நிலமும் போனது.

அம்மா அதுவரை சின்னவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார்: “நான் ரெண்டாவது வருஷம் படிச்சப்பதானப்பா?”

“ஆமாத்தா. நீ காலேஜ் போகமாட்டேன்னு நின்ன பாரு, அதே வருஷந்தான். எல்லாம் ஒண்ணா வந்துச்சு.”

“ஆமா. நாந்தான் போகமாட்டேன்னேன்” என்றார் அம்மா.

அதற்குமேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சின்னவன் வாயைத் துடைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் அம்மாவின் பி.எஸ்ஸி. ஒரு ஜோக். ‘உங்கம்மாவுக்கு கெமிஸ்ட்ரி லேபைப் பார்த்தா பயம், ஓடி வந்துட்டா’ என்று அப்பா சொல்வார். அம்மாவும் கூடச் சிரிப்பார். ‘எனக்கெல்லாம் படிப்பு ஏறலடி’ என்பார். நானும் அக்காவும் எத்தனை முறை அதை வைத்துக் கிண்டல் செய்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. ஜர்னலிசம் டிப்ளமோ சேர வேண்டும் என்று நான் சொன்னபோது, பீஸ் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் ‘சேரு’ என்றவரும் அவர்தான்.

குழாயடியில் போய் நின்றேன். “ஏம்மா, தாத்தாவுக்குத் தெரியாதா?” என்றேன் மெதுவாக.

“எதுக்குத் தெரியணும்? அந்த மனுஷன் அப்பவே பாதியாயிட்டாரு” என்றார். பிறகு, “அந்த டிபன் பாக்ஸை எடு, காயட்டும்” என்றார்.

நானும் கேட்டுவிட்டேன், எழுதியும்விட்டேன். எழுதலாமா என்று அம்மாவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். “தாத்தா போன்ல படிக்கமாட்டாரு, எழுதிக்கோ” என்றார். தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் யாரும் ஃபார்வேர்டு செய்யாமல் இருந்தால் சரி. சொந்தக்காரர்கள் கவனத்துக்கு!

தராசு

கிளம்பும்போது எடை போட்டோம். கிலோ 80 ரூபாய் என்றார் அண்ணன். அப்பா பழக்கதோஷத்தில், “தோட்டத்துக்கே வந்து வாங்குறோம், 60 போடுங்க” என்று ஆரம்பித்தார்.

“மாப்ள…” என்றார் தாத்தா. அவ்வளவுதான் சொன்னார். அப்பா பர்ஸை எடுத்துவிட்டார்.

அதோடு விடவில்லை. சின்னவன் இழுத்துப் போட்ட இரண்டு கொத்தையும் தராசில் வைக்கச் சொன்னார். அதில் பாதி செங்காய். “இது புளிக்கும்யா, சும்மா எடுத்துட்டுப் போங்க” என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். தாத்தா கேட்கவில்லை. முறிந்த குச்சிக்கு அடுத்த கவாத்தில் வரவேண்டிய கொத்துக்கும் சேர்த்து ஒரு கிலோ காசு போட்டுக்கொடுக்கச் சொல்லி அத்தானிடம் கண் காட்டினார். அந்த அக்கா பதிலுக்கு ஒரு வாழைத்தாரில் இரண்டு சீப்பை வெட்டி வேனில் வைத்துவிட்டார். யார் யாருக்குக் கடன் என்று இப்போதும் எனக்குக் கணக்குப் புரியவில்லை.

அந்தச் செங்காய்க் கொத்துகளை ‘வீட்ல வெச்சா பழுத்துரும்’ என்று அக்கா பத்திரமாக எடுத்துவைத்தாள். பழுக்காது. மாம்பழம், வாழைப்பழம் மாதிரி திராட்சை பறித்த பிறகு பழுப்பதில்லை. கொடியில் என்ன இனிப்போ அதுதான், வீட்டுக்கு வந்தால் வதங்கத்தான் செய்யும். கடைசியில் அம்மா அதை மிளகாய்ப்பொடி, வெல்லம் போட்டுத் தொக்கு மாதிரி ஒன்று செய்தார். நன்றாகவே இருந்தது.

மீதி 11 கிலோவை எப்படி வைப்பது என்பதில் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. வந்ததும் மொத்தத்தையும் கழுவி ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்று நான் போனேன். அது தப்பாம். மேலே சொன்ன மெழுகுப் பூச்சு போய்விடும், ஈரத்தில் சீக்கிரம் அழுகும். கழுவாமல் பேப்பர் விரித்த டப்பாவில் வைத்து, சாப்பிடுகிற அளவை மட்டும் அவ்வப்போது எடுத்து ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். பன்னீருக்குத் தோல் மெல்லிசு, அதனால் நான்கைந்து நாளுக்குமேல் வைத்துப் பார்க்காதீர்கள். நாங்கள் பக்கத்து வீடு, எதிர் வீடு, ஆபீஸ் என்று பங்குபோட்டுவிட்டோம்.

நீங்களும் போவதாக இருந்தால் ஒன்றிரண்டு விஷயங்கள். கம்பம் பக்கம் எந்த மாதம் போனாலும் எங்காவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும், ஆனால் நீங்கள் பார்த்துவைத்த அதே தோட்டத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. விசாரித்துவிட்டுப் போங்கள். பறிக்க விடுவார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் குழந்தைகளை எங்களை மாதிரி சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். காலையிலேயே போய்விட்டால் வெயிலும் இருக்காது, கூட்டமும் இருக்காது. தரை ஈரமாக இருக்கும், வெள்ளை டிரெஸ் வேண்டாம். உயரமானவர்கள் நெற்றியைப் பார்த்துக்கொள்ளவும். சுருளி அருவியும் லோயர் கேம்ப் மணிமண்டபமும் பக்கத்தில்தான், ஒரே நாளில் பார்த்துவிடலாம். நாங்கள் இரண்டையும் பார்க்கவில்லை. தாத்தா தோட்டத்தை விட்டுக் கிளம்பவே 3 மணி ஆகிவிட்டது. கடைசி ஒரு மணி நேரம் அவரும் அண்ணனும் ஒவ்வொரு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

வேனில் ஏறும் முன் அண்ணனின் நம்பரை என் போனில் இல்லை, தன்னுடைய பட்டன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தேன். ‘திராட்சை தம்பி’ என்று பெயர் போடச் சொன்னார்.

அன்றிலிருந்து ஏழு மணிச் செய்தி முடிந்து வானிலை வருகிற வரை தாத்தா டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சீரியல் மாற்ற வந்த அம்மாவிடமும் ரிமோட் கிடைக்கவில்லை. புதன்கிழமை ராத்திரி 10 மணிவாக்கில் மதுரையில் நல்ல மழை. நான் லேப்டாப்பில் இருந்தேன். தாத்தா எழுந்து ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தார். பிறகு பட்டன் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, “தம்பிக்குப் போடு” என்றார். ரொம்ப நேரம் ரிங் போய் எடுத்தார்கள். “அங்கிட்டு எப்படி?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தலையாட்டினார்.

“அங்க தூறல்கூட இல்லையாம்” என்று சொல்லிவிட்டு, போனை என்னிடமே கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.